திரும்பும் எண்ணம்

ஜெலுத்தோங், பினாங்கு
1918 ஜூன் 8

அன்புத் தம்பி ஷேக் அலாவுதீனுக்கு லாத்தா சபூரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ரங்கூனில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இதைத் தபாலில் போடவில்லை. ரங்கூன் கப்பலில் சமையல் பார்க்கும் சீனி முகம்மது நானா கையில், ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் வருவதை எல்லாம் உங்கள் ஆபீசர் பிரித்துப் பார்ப்பாராமே. அக்காவும் தம்பியும் பேசுவதில் அவருக்கு என்ன வேலையோ.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்து லாரிக்கு டிரைவராகக் கையெழுத்துப் போட்டாய். "ரெண்டு வருசம்தானே லாத்தா" என்றாய். உம்மாவும் வாப்பாவும் போனார்கள், உன் மச்சானும் போனார், மிச்சம் இருந்தது நீதான். இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி களைகிறேன். பக்கத்து வீட்டுக் காமாரியாவிடம், ஒரு ஆளுக்கு எப்படிச் சோறாக்குவது என்று எனக்குக் கை வரவில்லை என்றேன். "ரெண்டு பேருக்கே ஆக்குங்கலா அக்கா, மிச்சத்த நான் வாங்கிக்கிறேன்" என்றாள். சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு உங்களைப் பஸ்ரா சண்டைக்குக் கப்பல் ஏற்றுவார்கள் என்று எழுதியிருந்தாய். பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர் யாரையும் இந்த ஊரில் நான் பார்க்கவில்லை. நோன்புப் பெருநாளைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. லீவு கேட்டுப் பார். கொடுக்காவிட்டாலும் வா. இரண்டு நாள் என் கையால் சோறு போட்டு அனுப்பிவிடுகிறேன். பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன்.

துஆவுடன்,
லாத்தா சபூரா


டிப்போ, ரங்கூன்
1918 ஜூன் 20

பிரியமுள்ள லாத்தாவுக்குத் தம்பி அலாவுதீனின் ஸலாம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கவும். நான் நல்ல சுகம். நோன்பு ஒன்றுகூட விடவில்லை.

சீனி முகம்மது நானா வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஊறுகாய் கிடைத்தது.

மாதம் பிறந்தால் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பட்டாளச் சட்டத்தைப் படிப்பார்கள். முன்ஷி இந்துஸ்தானியில் படிப்பார். சிதம்பரநாதன் என்று ஒரு கிளார்க், செட்டிநாட்டுக்காரர், எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். காவலில் தூங்கினால் என்ன, மேலதிகாரியைக் கைநீட்டி அடித்தால் என்ன, சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால் என்ன, ஓடிப்போனால் என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முக்கால்வாசிக்குமேல் முடிவு ஒன்றுதான்: மரண தண்டனை, அல்லது அதற்குக் குறைந்தது. பக்கத்தில் நின்ற மலாக்காக்காரன், "மூச்சு விட்டா என்ன தண்டனை, அதையும் கேளுங்கண்ணே" என்று முணுமுணுத்தான். நான் சிரித்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் லாரி கழுவினேன்.

லீவு கேட்டேன். பஸ்ராவுக்குப் பேர் எழுதியவர்களுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை. காமாரியாவுக்கு ஸலாம் சொல்லவும்.

உங்கள் தம்பி,
ஷேக் அலாவுதீன்


ஜெலுத்தோங்
1918 ஜூலை 16

தம்பிக்கு ஸலாம். சுகமா? பெருநாள் முடிந்து ஆறு நாள் ஆகிறது. உன் பெருநாள் கடிதம் வரவில்லை. நீ ஈப்போவில் சீன டவுக்கேயிடம் சம்பளத்துக்குக் கார் ஓட்டிய ஐந்து வருஷமும் ஒரு பெருநாளுக்குக்கூடக் கடிதம் தவறியதில்லை.

பெருநாளன்று வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நிறையப் பேர் வந்தார்கள். யார் வந்தார்கள் என்று இப்போது நினைவில்லை. பதில் போடு. இரண்டு வரி போதும்.

லாத்தா


முருகன் துணை
ரங்கூன், 1918 ஜூலை 19

மகா கனம் பொருந்திய சபூரா அம்மாள் அவர்களுக்கு, டிப்போ கிளார்க்கு சிதம்பரநாதன் எழுதிக்கொண்டது. தாங்கள் ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறியாதவன் எழுதுவதற்கு மன்னிக்கவும்.

தங்கள் சகோதரர் உயிரோடு, நல்ல தேக நிலையில் இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மூன்றாம் தேதி மாலை பேர் கூப்பிட்டபோது அவர் ஆஜராகவில்லை. எட்டாம் தேதி, பினாங்குக் கப்பல் வந்து நிற்கும் துறைக்கு அருகில், பட்டாள உடுப்பு இல்லாமல் கைலியோடு பிடிபட்டார். இப்போது காவலறையில் இருக்கிறார். பட்டாளத்தை விட்டு ஓடியதாகக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். போருக்குப் போக உத்தரவான ஆள் என்பதால் இது பெரிய கோர்ட்டுக்குப் போகும். சட்டத்தில் இதற்கு உள்ள அதிகபட்சத் தண்டனையை நான் எழுத விரும்பவில்லை.

அவருக்காகப் பேச ஒரு ஆபீசரைக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயது, நல்ல மனிதர். அவருக்கு மொழி சொல்பவன் நான். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

காணாமல் போவதற்கு முந்தின நாள் அலாவுதீன் தங்களுக்கு ஒரு கடிதம் தபாலில் போட்டிருக்கிறார். அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதுதான் அவருக்கு எதிரான பெரிய சாட்சி. நகல் கீழே:

"லாத்தா, உங்கள் கையால் உண்டது, உடுத்தது, அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழை எல்லாம் பொறுத்து எனக்கு ஹலாலாக்கித் தாருங்கள். மாப்புக் கேட்கிறேன். இனி ஒரு தடவை எழுத வாய்க்குமோ வாய்க்காதோ. என்னை நினைத்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்."

இது ஒரேயடியாக விடைபெறும் கடிதம், திரும்பும் எண்ணம் இல்லாதவன் எழுதுவது என்கிறார்கள். தங்கள் சகோதரரோ, "அது பெருநாள் கடிதங்க, எல்லாரும் எழுதுறதுதான்" என்கிறார். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரும் இந்த டிப்போவில் இல்லை. தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சிதம்பரநாதன்


ஜெலுத்தோங்
1918 ஜூலை 27

கிளார்க் ஐயா அவர்களுக்கு சபூரா எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறான் என்று முதல் வரியிலேயே எழுதியதற்கு உங்களை என்றும் மறக்கமாட்டேன்.

ஐயா, எங்கள் ஆட்கள் பெருநாளுக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் பிரித்துப் பாருங்கள், இதுதான் இருக்கும். பெருநாள் தொழுகை முடிந்தால் பெரியவர் சின்னவர் எல்லாரும் கைபிடித்து மாப்புக் கேட்போம். இங்கே மலாய்க்காரர்களும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர்கள் எழுத்தில் கேட்பார்கள். அடுத்த பெருநாளுக்கு யார் இருப்போம் யார் போவோம் என்று தெரியாது அல்லவா, அதனால்தான் 'வாய்க்குமோ வாய்க்காதோ' என்று எழுதுவது. உங்கள் ஆபீசர்கள் சொல்வதுபோலப் பார்த்தால் வருஷா வருஷம் பினாங்கு முழுக்க ஓடிப்போயிருக்க வேண்டும்.

அவன் ஈப்போவிலிருந்து எழுதிய ஐந்து பெருநாள் கடிதங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். அதே வாசகம்தான். ஒன்றில், என் பீங்கான் தட்டை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டதற்கும் மாப்புக் கேட்டிருக்கிறான். அதைச் சபையில் படிக்க வேண்டாம், வெட்கப்படுவான்.

அவனைத் தவிர எனக்கு யாரும் இல்லை. இதை ஆபீசரிடம் சொல்லுங்கள்.

சபூரா


முருகன் துணை
ரங்கூன், 1918 ஆகஸ்டு 5

சபூரா அம்மாள் அவர்களுக்கு. தங்கள் ஷேமத்துக்கு எழுதவும். ஐந்து கடிதங்களும் பத்திரமாக வந்தன. தட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன்.

கோர்ட்டின் கேள்வி என்ன என்று தாங்கள் அறிய வேண்டும். லீவில்லாமல் போனது ஒரு குற்றம். ஓடிப்போனது வேறு குற்றம். எத்தனை நாள் இல்லை, எவ்வளவு தூரம் போனான் என்பது இரண்டையும் பிரிப்பதில்லை. போனவன் மனதில் திரும்பும் எண்ணம் இருந்ததா என்பதுதான் பிரிக்கிறது. இருந்தால் சில மாதச் சிறை. இல்லையென்றால் தாங்கள் அறிவீர்கள். மனதை யாரும் பிளந்து பார்க்க முடியாது ஆகையால், என்ன உடுத்தியிருந்தான், எங்கே பிடிபட்டான், என்ன எழுதினான் என்று பார்த்து ஊகிக்கிறார்கள். கைலியும் கப்பல்துறையும் அவருக்கு விரோதம். உடுப்பையும் சாமானையும் விற்காமல் அப்படியே விட்டுப்போனது அனுகூலம். பள்ளிவாசல் சத்திரத்தில் காய்ச்சலாகக் கிடந்ததாகச் சொல்கிறார். சாட்சி இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் பெட்டியில் தங்கள் கடிதங்கள் மாதவாரியாக நூல் கட்டி இருந்தன. மே வரை இருக்கிறது. ஜூனில் ஒன்றும் இல்லை. கேட்டால், "அந்த மாசம் எழுதலைங்க" என்கிறார். பிடிபட்டபோது ஒரு காகிதத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார் என்று அவரைப் பிடித்த நாயக் சாட்சி சொல்கிறார். பீடி பற்றவைத்ததாக அலாவுதீன் சொல்கிறார். அவர் பீடி குடித்து நான் பார்த்ததில்லை.

ஜூனில் தாங்கள் எழுதினீர்களா? 'வந்துவிட்டுத் திரும்பிப் போ' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால், அது அவரைக் காப்பாற்றக்கூடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டாளத்தானை லீவில்லாமல் ஓடிவரத் தூண்டியவர் பெண்ணானாலும், சிவில் கோர்ட்டில் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அதை அலாவுதீனும் கேட்டிருக்கிறார். மாதம்தோறும் படித்துச் சொன்னவன் நானே.

தங்களைப் பினாங்கு மாஜிஸ்திரேட் முன் சத்தியம் வைத்து விசாரித்து, அந்த வாக்குமூலத்தை இங்கே அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். யோசித்துச் சொல்லுங்கள்.

சிதம்பரநாதன்


ஜெலுத்தோங்
1918 ஆகஸ்டு 12

தம்பி அலாவுதீனுக்கு ஸலாம். சாப்பாடு எப்படிக் கொடுக்கிறார்கள்? இருமல் இருக்கிறதா? எனக்குச் சுகம்.

இந்தக் கடிதத்தை வழியில் யார் யாரோ படிப்பார்கள். அதனால் எழுத ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ பீடி குடிக்கப் பழகியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உடம்புக்கு ஆகாது. யாருக்காகவும் குடிக்க வேண்டாம்.

லாத்தா


ஜெலுத்தோங்
1918 ஆகஸ்டு 17

கிளார்க் ஐயா அவர்களுக்கு. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் தெருப் பள்ளிவாசல் லெப்பையும் வந்து பெருநாள் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரத் துரை பொறுமையாக எழுதிக்கொண்டார். தானும் கிறிஸ்துமஸுக்கு இனிமேல் ஜாக்கிரதையாகக் கடிதம் எழுத வேண்டும் என்றாராம். மொழி சொல்பவர் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்.

பிறகு என் முறை. குர்ஆனைக் கொண்டுவந்து வைத்தார்கள். கை, முகம், கால் கழுவி ஒளு செய்துதான் போயிருந்தேன்.

"ஜூன் மாசம் தம்பிக்கு எழுதினீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் மொழி சொல்பவர்.

"எழுதுனேன்."

"என்ன எழுதினீங்க?"

"பெருநாளைக்கு லீவு கேட்டு வா, ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிடுறேன், புடிச்சு வச்சுக்க மாட்டேன்னு எழுதுனேன். வந்திருந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேங்க."

"அந்தக் கடுதாசி எங்க?"

"கப்பல்காரர் கையில குடுத்தனுப்புனேன். அதுக்குமேல எனக்குத் தெரியாதுங்க."

சீனி முகம்மது நானாவும் வந்து, தான் கொண்டுபோய்க் கொடுத்தது உண்மை என்று சொல்லிவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாக்காரன் இரண்டு தடவை எந்தத் தெரு என்று கேட்டான். என் வீடு இருக்கும் தெருவின் பேர் எனக்கு வாயில் வரவில்லை. என் மேல் கேஸ் போட்டால் போடட்டும். என்னை எதிர்பார்த்து வீட்டில் யாரும் இல்லை.

சபூரா


முருகன் துணை
ரங்கூன், 1918 செப்டம்பர் 6

சபூரா அம்மாள் அவர்களுக்கு. தாங்கள் ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நல்ல சமாசாரம்தான்.

ஐந்து ஆபீசர்கள் உட்கார்ந்தார்கள். இவர்களில் யார் விசாரிப்பதற்காவது ஆட்சேபம் உண்டா என்று முதலில் அலாவுதீனைத்தான் கேட்டார்கள். "எனக்கு இவங்கள யாரையுமே தெரியாதே" என்றார். நான் அதை மரியாதையாக மொழிபெயர்த்தேன். ஐந்து பெருநாள் கடிதங்களையும் வரிசையாகப் படித்தோம். மூன்றாவது கடிதத்திலேயே தலைமை ஆபீசர் போதும் என்று கை காட்டினார். கடைசியில் தங்கள் வாக்குமூலம். படித்தபோது அலாவுதீன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போன குற்றம் ருசுவாகவில்லை. லீவில்லாமல் இருந்த குற்றம் ருசுவாயிற்று. ஆறு மாதம் சிறை. லீவு கேட்டு வரச் சொன்னது தூண்டுதல் ஆகாது என்று, தங்கள் மேலும் நடவடிக்கை இல்லை.

தீர்ப்பை ஜெனரல் உறுதி செய்தால்தான் செல்லும். நேற்று உறுதி செய்துவிட்டார். ஆனால் பஸ்ராவில் டிரைவர்கள் குறைவாம். அதனால் சிறையை நிறுத்தி வைத்து, அலாவுதீனை இந்த இருபத்துநாலாம் தேதிக் கப்பலிலேயே ஏற்றச் சொல்லியிருக்கிறார். அங்கே நன்றாக நடந்துகொண்டால் தண்டனை தள்ளுபடி ஆகும். நாங்கள் கேட்டதைவிட இது பெரிய சலுகை என்று எங்கள் ஆபீசர் சொல்கிறார். தங்களுக்கு எப்படி இருக்குமோ நான் அறியேன்.

சிதம்பரநாதன்


ரங்கூன்
1918 செப்டம்பர் 11

லாத்தாவுக்கு ஸலாம். இது சீனி முகம்மது நானா கையில் வருகிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் சுகம். காவலறைச் சோறு மோசமில்லை.

உங்கள் சொல்லைக் கோர்ட்டில் படித்தபோது என்னால் தலைநிமிர முடியவில்லை. 'கொடுக்காவிட்டாலும் வா' என்ற வரியை விட்டுவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதத்தைக் கொளுத்தினேன். மற்றபடி நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. பொய்யன் நான்தான்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை லாத்தா. அந்த மாப்பு பெருநாள் மாப்பும் இல்லை. பெருநாள் சமயம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்து நிஜமாகவே கேட்டேன். பினாங்குக்கு வந்து ஒரு பொழுது உங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே சயாமுக்குப் போய்விட இருந்தேன். ஜெலுத்தோங்கில் இருந்தால் முதலில் அங்கேதான் தேடுவார்கள். போன பிறகு ஒரு எழுத்துகூடப் போட்டிருக்க முடியாது. நேரில் உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வராது என்றுதான் முன்கூட்டியே எழுதினேன். துறையில் ஒரு கப்பல் என் கண்ணெதிரே போயிற்று. கால் எழவில்லை. அந்த ஐந்து நாளில் டிப்போவுக்குத் திரும்பும் எண்ணம் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

இரண்டு நாள் சோறு போட்டு அனுப்பிவிடுவேன் என்று நேர்மையாக எழுதினீர்கள். அந்த நேர்மையை வைத்து என்னைக் காப்பாற்றினீர்கள். அதற்கு நான் லாயக்கில்லை. இது உங்களுக்குத் தெரியாமல் பஸ்ராவுக்குப் போக மனம் வரவில்லை.

உங்கள் தம்பி,
அலாவுதீன்


ஜெலுத்தோங்
1918 செப்டம்பர் 17

என் தம்பி அலாவுதீனுக்கு லாத்தாவின் ஸலாம். இது உன் கைக்கு வரும்போது நீ கப்பல் ஏறாமல் இருக்க வேண்டும். சீனி முகம்மது நானா இன்று சாயங்காலம் புறப்படுகிறார். வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

நீ லாயக்கில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு கப்பல் ஏறாதே. என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

இரண்டு நாளில் அனுப்பிவிடுவேன் என்று எழுதியது பொய். அப்படி எழுதினால்தான் நீ வருவாய் என்று எழுதினேன். நீ வாசற்படியை மிதித்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் காமாரியாவின் தம்பி இருக்கிறான். உன்னை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசி முடித்திருந்தேன். உன் மச்சானின் சட்டைகளைப் பிரித்து உன் அளவுக்குத் தைத்து வைத்தேன். நீ அழுதாலும், காலில் விழுந்தாலும், அனுப்பியிருக்க மாட்டேன். பட்டாளத்துக்கு ஒரு டிரைவர் போனால் இன்னொருவன் கிடைப்பான். எனக்கு எங்கே கிடைப்பான்?

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் குர்ஆன் முன்னால் நின்று, திருப்பி அனுப்பியிருப்பேன் என்று சொன்னேன். ஒரு வரியை மட்டும் விட்டேன் என்று நீ நினைக்கிறாய். முழுவதுமே பொய்தான் தம்பி. உன்னை விசாரிக்க ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். என் மனசை விசாரிக்கவும் அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்தப் பொய்யைச் சொன்னதற்கு எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை. எனக்கு வேதனை எல்லாம் வேறு. எந்தப் பஸ்ராவுக்கு உன்னை விடக்கூடாது என்று இத்தனையும் செய்தேனோ, அதே பஸ்ராவுக்கு என் வாயால் சொன்ன பொய்யே உன்னை அனுப்புகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உனக்கு என்ன நடந்திருக்குமோ தெரியாது. சொன்னதால் என்ன நடக்குமோ, அதுவும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி கட்டு. பஸ்ராவிலிருந்து வாராவாரம் எழுது. சாப்பாடு, வெயில், லாரி என்று எதையாவது எழுது. யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போடாதே.

லாத்தா சபூரா